பள்ளி ஆயா, வாட்ச்மேன், வேன் டிரைவர்... விசாரணையே இல்லாமல் வேலையை விட்டு நீக்க முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

2017 செப்டம்பர் 8. டெல்லியை ஒட்டியுள்ள குருகிராமில், ஒரு தனியார் பள்ளியின் கழிவறையில் 7 வயது மாணவன் கழுத்து அறுக்கப்பட்டுக் கிடந்தான். அன்றைக்கே "குற்றவாளி" கிடைத்துவிட்டார். பள்ளிப் பேருந்தின் நடத்துநர். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றது ஹரியானா போலீஸ். கேமராக்கள் முன் அவர் நிறுத்தப்பட்டார். அவருக்காக ஆஜராக மாட்டோம் என்று உள்ளூர் வழக்கறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். நாடு முழுக்க டிவியில் அவர் முகம் ஓடியது.

அடுத்த இரண்டே மாதத்தில் கதை தலைகீழானது. வழக்கைக் கையில் எடுத்த சி.பி.ஐ., அதே பள்ளியில் 11-ம் வகுப்பு படித்த ஒரு மாணவனைப் பிடித்தது. நடத்துநருக்கு எதிராக ஆதாரம் இல்லை என்றது. நவம்பரில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்தே விடுவித்தது.

அது கொலை வழக்கு. நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் இரண்டாவது விசாரணை ஒன்று நடந்தது. ஆனால் பள்ளிகளில் அன்றாடம் நடக்கும் விஷயங்கள் இவ்வளவு பெரியவை அல்ல. ஆபீஸில் வைத்த பணம் காணோம். விளையாடும்போது குழந்தை விழுந்துவிட்டது. வேன் அரை மணி நேரம் லேட். ஒரு பெற்றோர் கோபமாக வந்து கத்திவிட்டுப் போனார். சாயங்காலம் தாளாளர் கூப்பிட்டு, "ஆயாம்மா, நாளையில இருந்து வர வேண்டாம்" என்கிறார். கடிதம் இல்லை. என்ன குற்றம் என்று எழுத்தில் எதுவும் இல்லை. சம்பளக் கணக்கை முடித்துக் கையில் கொடுத்தால் பெரிய விஷயம்.

இப்படிச் செய்ய ஒரு பள்ளிக்கு உரிமை இருக்கிறதா? "இல்லை" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் நிஜமான பதில், அந்த ஆயாம்மா என்ன தப்பு செய்தார் என்பதைவிட, அவர் எந்த வழியாக வேலைக்கு வந்தார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

ஒரே வளாகம், வேறு வேறு சட்டம்

ஒரு பள்ளிக்குள் ஆசிரியர்களைத் தவிர எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கிளார்க், ஆய்வக உதவியாளர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர், துப்புரவுப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், சமையலர், ஆயா, வேன் டிரைவர், வேனில் கூட வரும் அம்மா. இவர்களில் சிலர் நிரந்தர அரசு ஊழியர்கள். சிலர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். சிலருக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் கொடுக்கிறது. சிலர் ஏஜென்சி ஆட்கள். சிலர் தாளாளர் வாய்மொழியாக "வாம்மா" என்று சொன்னதில் சேர்ந்தவர்கள்.

வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு எல்லோரும் "ஸ்கூல் ஸ்டாஃப்". சட்டத்துக்கு அப்படி இல்லை.

அரசுப் பள்ளியில் நிரந்தரப் பணி என்றால்?

இருப்பதிலேயே வலுவான பாதுகாப்பு இவர்களுக்குத்தான். அரசியலமைப்பின் 311-வது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. நியமித்த அதிகாரிக்குக் கீழே உள்ள ஒருவர் அரசு ஊழியரை டிஸ்மிஸ் செய்ய முடியாது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரணை நடத்தாமல் நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. இது ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கும் உண்டு, அரசுப் பள்ளியில் மணி அடிக்கும் அலுவலக உதவியாளருக்கும் உண்டு.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் "17-பி போட்டுட்டாங்க" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அது தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின் 17-வது விதி. சின்ன தண்டனை என்றால் 17(ஏ). விளக்கம் கேட்டு முடிவெடுக்கலாம். டிஸ்மிஸ், பதவி இறக்கம் போன்ற பெரிய தண்டனை என்றால் 17(பி). அதில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை அதிகாரி, சாட்சிகள், குறுக்கு விசாரணை என்று முழு நடைமுறையும் வேண்டும். 17-பி என்றாலே ஊழியர்கள் நடுங்குவார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த மெமோவே ஒரு பாதுகாப்புதான். தன் மேல் என்ன குற்றச்சாட்டு என்பது அவருக்கு எழுத்தில் கிடைக்கிறது. தனியார் பள்ளி ஆயாம்மாவுக்கு அதுகூடக் கிடைப்பதில்லை.

311-லும் விதிவிலக்குகள் உண்டு. கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றவருக்குத் தனி விசாரணை தேவையில்லை. விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று அதிகாரி எழுத்தில் காரணம் பதிவு செய்தாலும் தேவையில்லை. தேசப் பாதுகாப்பு மூன்றாவது.

இந்தப் பாதுகாப்பு அசைக்க முடியாதது என்று நினைத்தவர்களுக்கு 2003 ஜூலை நினைவிருக்கும். ஜெயலலிதா ஆட்சியில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்க, டெஸ்மா சட்டமும் அதைத் திருத்திய அவசரச் சட்டமும் பாய்ந்தன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விசாரணை இல்லாமல் ஒரே வீச்சில் டிஸ்மிஸ். உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் தீர்ப்பளித்தபோது, வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்று சொன்னது. பெரும்பாலானவர்கள் மீண்டும் வேலைக்கு வந்தார்கள். அதுவும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து.

சத்துணவு ஊழியர், பகுதிநேரத் துப்புரவாளர் நிலை என்ன?

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்ததிலிருந்து அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெரிய பணியாளர் படையே பள்ளிகளில் இருக்கிறது. பெரும்பாலும் பெண்கள். முழுநேர அரசு ஊழியராக அறிவிக்க வேண்டும் என்பது அவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. சம்பள உயர்வு மட்டும் அதில் இல்லை, இந்தப் பாதுகாப்பும் இருக்கிறது.

ஏனென்றால், 311 பொருந்த வேண்டுமானால் அது "சிவில் பதவி"யாக இருக்க வேண்டும். இதேபோன்ற நிலையில் இருக்கும் அங்கன்வாடி ஊழியர்கள் விஷயத்தில், அவர்கள் சிவில் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் கர்நாடக வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. (2022-ல் அதே நீதிமன்றம் அவர்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு என்றது. கதவு கொஞ்சம் திறந்தது, முழுசாக இல்லை.)

அப்படியானால் பாதுகாப்பே இல்லையா? இருக்கிறது. 311 இல்லாவிட்டாலும் அரசு எடுக்கும் எந்த நடவடிக்கையும் 14-வது பிரிவின்படி தன்னிச்சையாக இருக்கக் கூடாது. ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் உத்தரவுக்கு முன் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இதைத்தான் இயற்கை நீதி என்கிறார்கள். நோட்டீஸ் இல்லாமல் நீக்கப்பட்ட சத்துணவுப் பணியாளர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வித்தியாசம் என்னவென்றால், நிரந்தர ஊழியருக்கு விதிப் புத்தகத்திலேயே இருப்பதை இவர் வழக்குப் போட்டு வாங்க வேண்டும்.

தினக்கூலி, தற்காலிகப் பணியாளர்களுக்கு 2006-ல் இன்னொரு அடி விழுந்தது. உமாதேவி வழக்கு. தற்காலிகமாகச் சேர்ந்தவர், பல வருடம் வேலை பார்த்தார் என்பதற்காக மட்டும் நிரந்தரம் கேட்க முடியாது என்றது ஐந்து நீதிபதிகள் அமர்வு. அதற்குப் பிறகு எல்லாத் துறைகளும் இந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டன. ஆனால் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் கடிந்துகொண்டது. மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் பல ஆண்டுகளாகத் துப்புரவு, தோட்ட வேலை செய்தவர்களை 2018-ல் முன்னறிவிப்பே இல்லாமல் நீக்கிய வழக்கு அது. அவர்களை மீண்டும் சேர்த்து நிரந்தரமாக்கச் சொன்ன நீதிமன்றம், உமாதேவி தீர்ப்பைத் தொழிலாளர்களுக்கு எதிரான ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் கண்டித்தது. அது பள்ளி வழக்கு இல்லைதான். ஆனால் 15, 20 வருடமாக ஒரே பள்ளியைப் பெருக்கிக்கொண்டிருக்கும் ஒரு பகுதிநேரப் பணியாளருக்கு அதைவிடப் பொருத்தமான தீர்ப்பு வேறில்லை.

தனியார் பள்ளியில்?

தனியார் பள்ளி விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒரு வேடிக்கை இருக்கிறது. தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் "தொழிலாளி" இல்லை, ஆனால் வாட்ச்மேன் தொழிலாளி!

1978-ல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில், கல்வி நிறுவனமும் "தொழில்" என்ற வரையறைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது. பத்து வருடம் கழித்து, 1988-ல், கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கில், கற்பித்தல் என்பது உடலுழைப்போ எழுத்தர் வேலையோ அல்ல, ஆகவே ஆசிரியர் தொழிலாளி அல்ல என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன வருகிறது? பள்ளி ஒரு தொழில் நிறுவனம். அதில் டீச்சர் தொழிலாளி இல்லை. டிரைவர், ஆயா, காவலாளி, கிளார்க் தொழிலாளிகள். எங்கும் டீச்சருக்கு ஒரு படி கீழே வைக்கப்படுபவருக்கு, இந்த ஒரு இடத்தில் மட்டும் கூடுதல் கதவு.

அந்தக் கதவு எதைக் கொடுத்தது? ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவரைத் தண்டனையாக அல்லாமல் வேறு காரணத்துக்காக நிறுத்த வேண்டுமானால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. இது 25-எஃப் பிரிவு. ஒழுங்கீனம் என்று சொல்லி நீக்கினால், அதற்கு முறையான உள்விசாரணை. நிர்வாகம் விசாரணை நடத்தாமலே நீக்கிவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தொழிலாளர் நீதிமன்றத்தில் சாட்சிகளைக் கொண்டுவந்து குற்றச்சாட்டை நிரூபிக்க நிர்வாகத்துக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

டெல்லி டிரைவர் ஜெயித்தது எப்படி?

டெல்லியில் ஒரு பிரபல தனியார் பள்ளியின் டிரைவர், 2003-ல் ஆட்குறைப்பு என்ற பெயரில் நீக்கப்பட்டார். வழக்கு ஒவ்வொரு படியாக ஏறி, 2016 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. கிட்டத்தட்ட 13 வருடம். நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. காரணம் இரண்டு. ஒன்று, 25-எஃப் நிபந்தனைகள் சரியாகப் பின்பற்றப்படவில்லை. இரண்டாவதுதான் முக்கியம். டெல்லி பள்ளிக் கல்விச் சட்டம் 1973-ன் 8(2) பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளியின் எந்த ஊழியரையும் கல்வி இயக்குநரின் முன் ஒப்புதல் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. பள்ளி அந்த ஒப்புதலை வாங்கவில்லை. அரசு உதவி பெறாத பள்ளிக்கு இது பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் முன்பு சொல்லியிருந்ததையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2023-ல் ராஜஸ்தான் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கிலும் இதே நிலைதான்: முறையாக ஒழுங்கு விசாரணை நடத்தி முடித்திருந்தாலும் கல்வித் துறையின் முன் ஒப்புதல் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். 2022 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசப் பள்ளி ஒன்றின் அலுவலக ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. உதவி பெறாத தனியார் பள்ளி கல்வி என்ற பொதுக் கடமையைச் செய்கிறது என்பது சரி. ஆனால் அலுவலக ஊழியருக்கும் பள்ளிக்கும் இடையிலான வேலை ஒப்பந்தத்தில் அந்தப் பொதுக் கடமை இல்லை. பணி நிபந்தனைகளைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் இல்லாதபோது, ஆசிரியரல்லாத ஊழியர் பணி நீக்கத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போட முடியாது. அதாவது, பிள்ளைக்குப் பாடம் நடத்துவது கல்வி. அதே பிள்ளையின் டி.சி.யை எழுதுவது கல்வி இல்லை. சட்ட தர்க்கம் புரிகிறது. ஆனால் ஒரு பள்ளியை ஒரு நாள் ஆயாவும் கிளார்க்கும் வேனும் இல்லாமல் நடத்திப் பார்த்தவர்கள் இதை ஏற்பார்களா என்பது சந்தேகம்தான்.

இரண்டு தீர்ப்புக்கும் நடுவில் நிற்பது ஒரே கேள்வி: அந்த மாநிலத்தில் தனியார் பள்ளி ஊழியரையும் சேர்த்துப் பேசும் சட்டம் இருக்கிறதா?

தமிழ்நாட்டில் அது அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்தது. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் 22-வது பிரிவு, "ஆசிரியர்" என்பதோடு நிறுத்தாமல் பள்ளியில் பணியமர்த்தப்பட்ட மற்றவர்களையும் சேர்த்தே எழுதப்பட்டது. தகுதிவாய்ந்த அதிகாரியின் முன் ஒப்புதல் இல்லாமல் நீக்கக் கூடாது. கடுமையான ஒழுங்கீனம் பற்றி விசாரணை நடத்தப் போகிறோம் என்றால் மட்டுமே சஸ்பெண்ட் செய்யலாம், அதுவும் சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. இந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2018-ல் இயற்றப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. எனவே இப்போது நீக்கப்படுகிறவர் பழைய 22-வது பிரிவைக் காட்டி வாதாடுவதைவிட, புதிய சட்டத்தையும் அதன் விதிகளையும் வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்பதே சரி.

குழந்தைகள் பாதுகாப்பு முக்கியம் இல்லையா?

இந்த இடத்தில் பெற்றோர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. "என் குழந்தையிடம் தப்பாக நடந்தார் என்று புகார் வந்திருக்கிறது. விசாரணை முடியும் வரை அந்த ஆள் வேனில் வருவாரா?"

வர வேண்டியதில்லை. இதற்கு ஒரு பழைய அமெரிக்க வழக்கு தெளிவான பதில் வைத்திருக்கிறது. அதுவும் பள்ளி ஊழியர்கள் வழக்குதான். ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லேண்ட் பள்ளி வாரியத்தில் காவலாளியாக இருந்தவர் லாடர்மில். பழைய திருட்டு வழக்குத் தண்டனையை விண்ணப்பத்தில் மறைத்தார் என்று 1980-ல் கடிதம் மூலம் நீக்கப்பட்டார். அது சிறு குற்றம்தான் என்று நினைத்து எழுதினேன் என்று விளக்க அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை. அவரோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொருவர், பக்கத்து ஊரான பார்மாவின் பள்ளி வாரியத்தில் பஸ் மெக்கானிக். கண் பரிசோதனையில் தேறவில்லை என்று நீக்கப்பட்டவர். 1985 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இவ்வளவுதான்: இப்படிக் காரணமின்றி நீக்க முடியாத பொதுப் பணியில் இருப்பவரை நீக்குவதற்கு *முன்பு* குற்றச்சாட்டைச் சொல்லுங்கள், ஆதாரத்தை விளக்குங்கள், அவர் தரப்பைக் கேளுங்கள். அவரை வேலையில் வைத்திருப்பது ஆபத்து என்று நினைத்தால், சம்பளத்தோடு சஸ்பெண்ட் செய்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறப்படுத்துவது வேறு, தண்டிப்பது வேறு. இந்தியச் சட்டத்திலும் சஸ்பென்ஷன் இருப்பதே இதற்காகத்தான். புகார் வந்த அன்றே குழந்தைகளிடமிருந்து ஒருவரை விலக்கி வைக்கலாம், வைக்கவும் வேண்டும். தள்ளிப்போட வேண்டியது டிஸ்மிஸ் உத்தரவை மட்டும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். விசாரணை இல்லாத "உடனடி நீக்கம்" குழந்தைகளுக்குப் பாதுகாப்பானதா? பள்ளிக்குப் பெயர் கெடக் கூடாது என்று ஒருவரைச் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டால், அவர் நிஜமாகவே குற்றவாளி என்றால் என்ன ஆகும்? எந்தப் பதிவும் இல்லாமல் அடுத்த தெருப் பள்ளியில் சேர்ந்துவிடுவார். அவர் நிரபராதி என்றால், உண்மையான குற்றவாளி அதே வளாகத்தில்தான் இருப்பார். குருகிராமில் நடந்தது இரண்டாவது. இதனால்தான் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தால் போலீஸிலோ சிறார் போலீஸ் பிரிவிலோ சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைத்தால் 21-வது பிரிவில் தண்டனை. நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு வரை சிறை. "ஆளை அனுப்பிட்டோம் சார்" என்பது அந்தச் சட்டத்தில் பதில் ஆகாது.

விசாரணை என்றால் என்ன நடக்க வேண்டும்?

உள்விசாரணை என்ற பெயரில் தாளாளர் அறையில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து மிரட்டுவது விசாரணை ஆகாது. எந்த நாள், எந்த இடம், என்ன செயல் என்று குறிப்பான குற்றச்சாட்டு எழுத்தில் வர வேண்டும். "நடத்தை சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆவணங்களின் நகல் தர வேண்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். புகார் கொடுத்தவரே விசாரணை அதிகாரியாக இருக்கக் கூடாது. விசாரணை அறிக்கையின் நகலைத் தண்டனை கொடுப்பதற்கு முன்பே ஊழியருக்குக் கொடுக்க வேண்டும் என்று 1993-ல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆயாம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டால்? குற்றச்சாட்டு ஆங்கிலத்தில் வந்தால்? புரியும் மொழியில் கேட்பதும், உதவிக்கு ஒரு சக ஊழியரை அனுமதிக்கக் கேட்பதும் சலுகை இல்லை. அவருக்குப் புரியாத விசாரணை, நியாயமான வாய்ப்பு ஆகாது.

அடுத்தது சாப்பாடு. சஸ்பெண்ட் ஆன ஊழியருக்குப் பிழைப்பூதியம் தராமல் விசாரணை நடத்தினால் அது செல்லுமா? கோலார் தங்க வயலில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவரின் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. பிழைப்பூதியம் கிடைக்காததால் விசாரணைக்கு வர முடியவில்லை என்றார் அவர். அவர் இல்லாமலே விசாரணை முடித்து டிஸ்மிஸ் செய்தார்கள். இதற்கிடையில் கிரிமினல் வழக்கில் அவர் விடுதலையானார். நீதிமன்றம் அந்த விசாரணையையே ரத்து செய்தது. பட்டினி போட்டுவிட்டு "நீ வரவில்லை" என்று சொல்ல முடியாது என்பதுதான் சாரம். பஸ் காசு இல்லாததால் விசாரணைக்கு வராத எத்தனையோ பேர் மேல் "ஆஜராகவில்லை" என்று எழுதி ஃபைல் மூடப்படுகிறது.

புதிய தொழிலாளர் சட்டத்தில் என்ன மாறியது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் உறவுகள் தொகுப்பு 2020. ஒரு மாத நோட்டீஸ், வருடத்துக்கு 15 நாள் இழப்பீடு ஆகியவை அதிலும் தொடர்கின்றன. ஆனால் தனியாக நீக்கப்பட்ட ஒருவர் தீர்ப்பாயத்துக்குப் போகும் காலக்கெடு மூன்று வருடத்திலிருந்து இரண்டு வருடமாகச் சுருங்கிவிட்டது.

இதைவிடப் பெரிய விஷயம் வரையறையில் இருக்கிறது. தர்மம், சமூக சேவை, தொண்டு ஆகியவற்றில் முழுமையாகவோ பெரும்பாலுமோ ஈடுபடும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்கள் "தொழில்" ஆகாது என்கிறது புதிய தொகுப்பு. நம் ஊர் தனியார் பள்ளிகளைக் காகிதத்தில் நடத்துவது யார்? பெரும்பாலும் அறக்கட்டளைகளும் சங்கங்களும்தான். லட்சத்தில் ஃபீஸ் வாங்கும் பள்ளிகூட காகிதத்தில் அறக்கட்டளைதான். "நாங்கள் தொண்டு நிறுவனம், இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்ற வாதம் இனி அடிக்கடி வரும். அதை ஏற்றுக்கொண்டால், 1978 முதல் வாட்ச்மேனுக்கும் டிரைவருக்கும் திறந்திருந்த அந்தக் கதவு சாத்தப்படும். மேலே சொன்ன 2022 தீர்ப்பால் ரிட் கதவும் ஏற்கெனவே பாதி மூடியிருக்கிறது. மிச்சம் இருப்பது மாநிலப் பள்ளிச் சட்டமும், வருடக்கணக்கில் இழுக்கும் சிவில் வழக்கும்தான். ஃபீஸ் வாங்கி நடத்தும் பள்ளி எந்த அளவுக்குத் தொண்டு என்பதை நீதிமன்றங்கள்தான் வழக்கு வழக்காகச் சொல்ல வேண்டியிருக்கும்.

நீக்கப்பட்டால் உடனே என்ன செய்வது?

முதலில், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நிர்வாகம் பெரும்பாலும் கேட்பது ராஜினாமா கடிதத்தைத்தான். "நீயே எழுதிக் கொடுத்துட்டா வேற இடத்துல வேலை கிடைக்கும்" என்பார்கள். அந்தக் கடிதம் இருந்தால் நீக்கமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். வெற்றுத்தாளில் கையெழுத்தும் அப்படித்தான்.

வாய்மொழியாக வரவேண்டாம் என்று சொன்னால், மறுநாளே பள்ளிக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். "இன்ன தேதியில் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றீர்கள். காரணம் எழுத்தில் தாருங்கள். நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்." மூன்று வரி போதும். இது இல்லாவிட்டால், "அவங்களாகவே வேலைக்கு வரலை" என்று பள்ளி சொல்லும். மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

வேலை செய்ததற்கான ஆதாரம் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, வங்கியில் சம்பளம் ஏறிய பதிவு, அடையாள அட்டை, வேன் டிரிப் ஷீட், பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் வந்த மெசேஜ். ஏஜென்சி மூலம் வேலை செய்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பள்ளி "எங்க ஆள் இல்லை" என்னும், ஏஜென்சி "பள்ளிதான் வேண்டாம்னு சொல்லிச்சு" என்னும். தினமும் யார் வேலை சொன்னார்கள், யார் லீவு கொடுத்தார்கள் என்பதற்கான ஆதாரம் அங்கே உதவும்.

பிறகு மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். 45 நாளில் தீர்வு வராவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயம் போகலாம். கூடவே கல்வித் துறையின் மாவட்ட அதிகாரிக்கும் ஒரு நகல் அனுப்புவது நல்லது. ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டியைத் தனியாகக் கேளுங்கள். வேலை போனது சரியா தவறா என்ற வழக்கு முடியும் வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வருடக் காலக்கெடு, "அடுத்த மாசம் கூப்பிடுறோம்" என்று தாளாளர் சொன்ன நாளிலிருந்து இல்லை, வேலையை விட்டு நிறுத்திய நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும்.